புழு துளைக்காத கத்தரிக்காய்: ‘பிடி’ பயிர் என்றால் என்ன?

மலாக்கா: செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு ‘உலாட் புங்குஸ்’ புழு புதிதல்ல. ஓலையைச் சுரண்டித் தின்று மரத்தையே காயவைக்கும் அந்தப் புழுவுக்குத் தெளிக்கப்படும் மருந்துகளில் ஒன்று ‘பிடி’. அது இரசாயனம் அல்ல, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. முழுப் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்களைத் தாக்கிய நோயில் அது முதலில் அடையாளம் காணப்பட்டது.

இந்தப் பாக்டீரியாவின் புரதம், காரத்தன்மை கொண்ட புழுக்குடலில் செயல்படத் தொடங்கி, குடல் சுவரில் துளையிடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் சில நாள்களில் சாகிறது. மனிதக் குடலில் அப்புரதம் பற்றிக்கொள்ள இடமில்லை. ஆனால், தெளித்த மருந்து வெயிலிலும் மழையிலும் வீணாகிவிடும். அதனால் அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள்ளேயே புகுத்தினார்கள். அதுதான் ‘பிடி’ பயிர்.

இதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. கத்தரிப்புழு காய்க்குள் புகுந்துவிட்டால் வெளியே அடிக்கும் மருந்து எட்டாது. விவசாயிகள் திரும்பத் திரும்ப அடிப்பதும் அதனால்தான். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மஹிகோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு கோ 2, பாலூர் 1 போன்ற உள்ளூர் ரகங்களில் அம்மரபணுவைச் சேர்த்தது. 2009 அக்டோபரில் இந்திய நிபுணர் குழு ஒப்புதல் அளித்தது. ஆனால், பல நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்ட அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், 2010 பிப்ரவரி 9-இல் அதை நிறுத்திவைத்தார். வங்காளதேசமோ 2013-இல் பிடி கத்தரிக்கு அனுமதி தந்தது. மறு ஆண்டு 20 விவசாயிகள் அதை முதலில் நட்டனர்.

பருத்தியில் கதை வேறு. இந்தியாவில் 2002-இல் வந்த பிடி பருத்தி முதலில் காய்ப்புழுவை நன்றாகவே அடக்கியது. பின்னர் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டது. ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் நடவேண்டும் என்ற விதியைப் பலர் பின்பற்றாததும் ஒரு காரணம்.

மலேசியாவில் மரபணு மாற்றப் பயிர் எதுவும் வணிக ரீதியில் பயிரிடப்படவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் இறக்குமதியாகின்றன. அனுமதி தருவது 2007 உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம். 2010-இல் மரபணு மாற்றிய ஏடிஸ் கொசுவை விடுவதற்கு அது அனுமதித்த இரண்டு இடங்களில் அலோர் காஜாவும் ஒன்று; கொசு விடப்பட்டது பகாங் மாநிலம் பெந்தோங்கில்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தோட்டத்துப் பெண்கள் முதுகில் தோம்பு சுமந்து அடித்துவந்தது பெரும்பாலும் களைக்கொல்லி. பிடி பயிர் தடுப்பது புழுவை மட்டுமே, புல்லை அல்ல. அந்தப் பெண்களின் உடலைக் கெடுத்த பாராகுவாட்டை நிறுத்தியது எந்த மரபணுவும் அல்ல, 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தடைதான்.