மின்னஞ்சல் பெறும் நெறி வளர்ந்த வரலாறு

கடிதம் எழுதுவது ஒரு கலை. எழுதிய கடிதத்தை உரியவரிடம் பழுதின்றிச் சேர்ப்பது ஒரு கடமை. அஞ்சற்காரர் கையால் நடந்துவந்த அக்கடமை, கணினிக் காலத்தில் சில கட்டளைச் சொற்களின்மேல் ஏற்றப்பட்டது. அச்சொற்கள் பிறந்த வகையும், அவற்றுள் கடிதத்தைக் காக்கும் விதி யாது என்பதும் அறியத்தக்கன.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ரே டாம்லின்சன் என்னும் பொறியியலறிஞர், ஆர்ப்பாநெட் வலையில் இணைந்திருந்த ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். வலைவழி மின்னஞ்சலின் தொடக்கம் அதுவே. அக்காலக் கணினிகள் பெரியவை, இரவும் பகலும் இயங்குபவை, பலருக்கும் பொதுவானவை. எனவே கடிதம் கணினியை அடைந்தால் உரியவரை அடைந்ததாகவே கொள்ளப்பட்டது. 1982இல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. நெறிமுறையும் கடிதத்தைக் கணினிக்குக் கணினி கொண்டு செல்லும் நெறியேயாகும்.

மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணினிகள் பரவியபோது இடர் தோன்றிற்று. அவை மாலையில் நிறுத்தப்படும். கடிதம் வரும் வேளையில் விழித்திரா. ஆகவே, எப்போதும் இயங்கும் ஒரு கணினி கடிதங்களை வாங்கி வைத்திருக்க, உரியவர் வேண்டும்போது வந்து பெற்றுச் செல்லும் முறை தேவையாயிற்று. வைத்திருக்கும் கணினியை வழங்கி என்பர். 1984 அக்டோபரில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துத் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் அம்மையார் இதற்கான நெறிமுறையை வெளியிட்டார். அதன் பெயரே 'அஞ்சலக நெறிமுறை' என்பது. ஆங்கில முதலெழுத்துகளால் 'பாப்' என வழங்கும். 1985இல் இரண்டாம் வடிவமும், 1988இல் மார்ஷல் ரோஸ் எழுதிய மூன்றாம் வடிவமும் வந்தன. மூன்றாம் வடிவம் 1996இல் ஜான் மையர்ஸ், ரோஸ் இருவராலும் செப்பம் செய்யப்பெற்று இன்றும் வழக்கில் உள்ளது.

கடிதம் பெறும் செயலியை எழுதுவோர் கற்கவேண்டிய சொற்கள் சிலவே. 'யூசர்' என்றால் பெயர் கூறுதல்; 'பாஸ்' என்றால் கடவுச்சொல் தருதல்; 'ஸ்டாட்' எத்தனை கடிதம் உண்டெனக் கேட்டல்; 'ரெட்ர்' கடிதத்தை வாங்குதல்; 'டெலெ' அழிக்கச் சொல்லுதல்; 'குவிட்' விடைபெறுதல். ஒவ்வொன்றுக்கும் வழங்கி ஆம் என்றோ அன்று என்றோ விடையளிக்கும்.

இவற்றுள் அழித்தலைப் பற்றிய விதியே உயிரானது. 'டெலெ' என்றவுடன் வழங்கி கடிதத்தை அழித்துவிடுவதில்லை. அழிக்கவேண்டியது என்று குறித்து மட்டும் வைக்கிறது. 'குவிட்' எனக் கூறி முறைப்படி விடைபெற்ற பின்னரே அழிக்கிறது. இடையில் தொலைபேசிக் கம்பி அறுந்தாலோ, மின்சாரம் நின்றாலோ, குறிப்புகள் யாவும் கைவிடப்படும். கடிதங்கள் இருந்தபடியே இருக்கும். ஒரே கடிதம் இருமுறை வந்தால் சிறு தொல்லை. ஒருமுறையும் வாராது அழிந்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பு. இவ்வேற்றுமையை உணர்ந்தே விதி அமைந்தது.

ஆயினும் விதி பாதிக் காவலே. மீதிப் பாதி செயலி எழுதுவோர் கையில் உள்ளது. கடிதத்தை வாங்கி, தம் கணினியின் வட்டில் எழுதி, எழுதப்பட்டதை உறுதி செய்துகொண்ட பின்னரே 'டெலெ' சொல்ல வேண்டும். வரிசையை மாற்றி அழித்தலை முற்படச் சொன்னவன், வட்டில் இடமில்லாத நாளில் பிறர் கடிதத்தைத் தொலைத்தவன் ஆவான்.

மற்றொரு பிழைக்கும் இடமுண்டு. 'பாப்' முறையில் கடிதங்களுக்கு 1, 2, 3 என எண் இடப்படும். அவ்வெண் அந்த ஓர் அமர்வுக்கே உரியது. வகுப்பில் மாணவனின் வரிசை எண் ஆண்டுதோறும் மாறும். பள்ளிச் சேர்க்கை எண்ணோ மாறாது. நேற்றைய வரிசை எண்ணை நம்பி இன்று அழிப்பவன் வேறொரு கடிதத்தை அழிக்க நேரும். இதனைத் தடுக்கவே சேர்க்கை எண் போன்ற மாறா அடையாளத்தைக் கேட்டறியும் 'யூ.ஐ.டி.எல்.' என்னும் கட்டளை பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986இல் வேறு வழி கண்டார். கடிதம் வழங்கியிலேயே நிலைத்திருக்கட்டும். உரியவர் எக்கணினியிலிருந்தும் வந்து படிக்கட்டும் என்பது அவர் கருத்து. இதுவே 'ஐமேப்' நெறிமுறை. படித்தது, விடை எழுதியது என்னும் குறிகளும் அங்கேயே காக்கப்படும். இம்முறை விரிவானது; கட்டளைகளும் மிகுதி. ஆகவே அவற்றையெல்லாம் உள்ளடக்கி, எளிய அழைப்புகளாகப் பிறருக்கு அளிக்கும் 'சி-கிளையண்ட்' என்னும் நிரல் தொகுப்பையும் அவரே ஆக்கினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'பைன்' அஞ்சற்செயலி இதன்மேல் கட்டப்பட்டது. கிரிஸ்பின் 2012 டிசம்பரில் காலமானார். அவர் வகுத்த நெறியின் திருந்திய வடிவம் 2021இல் வெளிவந்தது.

இன்று கைப்பேசியில் கடிதம் படிப்போர் இக்கட்டளைகளைக் காண்பதில்லை. காண வேண்டுவதும் இல்லை. ஆனால் நிரலெழுதக் கற்கும் மாணவருக்கு ஆசிரியர் முதலில் சொல்லத்தக்கது இது: பெற்றுக்கொண்டதை உறுதி செய்யாமல் பிறர் பொருளை அழிக்கலாகாது. அச்சிறு ஒழுங்கை ஒரு சிலர் எழுத்தில் வகுத்து வைத்தமையால்தான், எத்தனையோ வீடுகளின் கடிதங்கள் இன்றளவும் வழியில் தொலையாமல் வந்து சேர்கின்றன.