டார்டன்: ஒரு கட்டம், பல சாயல்

ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட கம்பளித் துணியான டார்டனில் நூல்களின் வரிசைதான் அடையாளம். பாவில் இத்தனை இழை நீலம், அடுத்து இத்தனை கருப்பு, பிறகு இத்தனை பச்சை என்று ஒரு கணக்கு உண்டு. ஊடையிலும் அதே கணக்கு ஓடும். இந்த ஒரு சுற்றுக்கு 'செட்' என்று பெயர். சாய்வரி நெசவில் இரண்டு இழைக்கு மேலும் இரண்டு இழைக்குக் கீழுமாக நூல் போவதால், இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது நிறம் ஒன்று தோன்றுகிறது. ஆனால் நீலம் என்றால் எந்த நீலம், பச்சை என்றால் எவ்வளவு அழுத்தமான பச்சை என்பதைக் கணக்கு சொல்லாது. அது சாயக்காரர் கையில் இருந்தது.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703இல் நூல் வெளியிட்ட மார்ட்டின் மார்ட்டின், ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை இழை என்பதை ஒரு மரத்துண்டில் குறித்துவைத்துக்கொண்டு பெண்கள் நெய்ததாக எழுதியிருக்கிறார். கட்டத்தைப் பார்த்தால் ஆள் எந்த ஊர்ப் பக்கம் என்று சொல்லிவிடலாம் என்பதும் அவர் தரும் செய்தி. குலத்துக்கு ஒரு டார்டன் என்ற வழக்கம் அப்போது இல்லை. அரசருக்கு எதிராக ஸ்காட்லாந்தில் எழுந்த 1745 கிளர்ச்சியை டேவிட் மோரியர் வரைந்த ஓவியத்தில், ஒரே ஆள் உடம்பிலேயே ஒன்றுக்கொன்று ஒட்டாத பல கட்டங்களைக் காணலாம்.

சாயம் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் கிடைத்ததுதான். இரும்புப் பானையில் கம்பளி ஓர் அடுக்கு, பாறையில் சுரண்டிய கற்பாசி ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்தால் செம்பழுப்பு இறங்கும். நீலத்துக்கு வோட் செடி அல்லது கப்பலில் வந்த அவுரி. அதைக் கரைக்கப் பல நாள் புளிக்கவைத்த சிறுநீர் வேண்டும். பச்சை தனிச் சாயம் அல்ல. மஞ்சளும் அவுரி நீலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியே எடுத்தார்கள். பளிச்சென்ற சிவப்புக்கு அமெரிக்கக் கண்டத்துக் கோச்சினீல் பூச்சி. அந்தப் பூச்சிக்கு இருந்த விலையால்தான், ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை இங்கே வளர்க்க எண்ணி, சென்னை சைதாப்பேட்டையில் அது வாழும் கள்ளிக்குத் தோட்டமே போட்டார்.

கிளர்ச்சி ஒடுங்கியபின் 1746இல் வந்த சட்டம், ஸ்காட்லாந்தில் ஆண்கள் மலைநாட்டு உடை அணிவதைத் தடை செய்தது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடியும் பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். படைவீரர்களுக்கு விலக்கு இருந்தது. அதனால் தறி ஓய்ந்துவிடவில்லை, வாடிக்கையாளர்தான் மாறினார். 1782இல் தடை நீங்குவதற்குள், பானக்பர்னில் இருந்த வில்சன் குடும்பத்தார் படைகளுக்கு நெய்து பெருந்தொழிலாக வளர்ந்திருந்தனர். 1819இல் அவர்கள் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் 200க்கும் மேற்பட்ட கட்டங்கள் இழைக்கணக்கோடு உள்ளன. வெளியே கூலிக்கு நெய்யும் பல தறிகளிலும் ஒரே சரக்கு வரவேண்டும் என்பதால் நிறங்களும் அங்கே நிலைப்பட்டன.

1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, விழாவை முன்நின்று நடத்திய எழுத்தாளர் வால்டர் ஸ்காட் குலத்தலைவர்களை டார்டனில் வரச் சொன்னார். எந்தக் குலத்துக்கு எது என்று பலருக்கே தெரியவில்லை. வில்சன் கடையில் 155ஆம் எண்ணாக இருந்த துணி ஒன்று, கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் தம் அடிமைகளுக்கு மொத்தமாக வாங்கியதால் 'கிட்' என்று பெயர் பெற்றது. பிறகு அதுவே 'மக்ஃபெர்சன்' குலத்தின் டார்டன் ஆனது. பழம்பெருமை என்று இன்று பேசப்படுவதில் கணிசமான பங்கு வியாபாரிகளின் கைவேலை.

1856இல் வேதியியலாளர் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தபின் வண்ணங்கள் மலிவாயின, அழுத்தமாயின. கருநீலமும் கரும்பச்சையும் கருப்போடு கலந்துபோகும் அந்தச் சாயலைத்தான் கடைக்காரர்கள் இன்று 'மாடர்ன்' என்கிறார்கள். 'ஏன்ஷியன்ட்' எனப்படும் வெளிர்நீலம், புல்பச்சை, ஆரஞ்சு கலந்த சிவப்பு ஆகியவை 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. ஆக, பெயரளவில் புதியதே வயதில் மூத்தது. காலத்தால் வெளுத்த துணியைப் போலச் செய்வதே ஏன்ஷியன்டின் நோக்கம். அதிலும் ஒரு பிசகு உண்டு. பழைய பச்சையில் முதலில் மங்குவது மஞ்சள், மிஞ்சுவது நீலம். புல்பச்சை அப்படி வராது. வெயில் படாத பழைய தையல் மடிப்புகளைப் பிரித்தால் தெரிவதும் வெளிர்நிறம் அல்ல, ஆழமான நிறமே. பின்னால் வந்த 'வெதர்ட்' சாயலில் பச்சை பழுப்பாகவும் நீலம் சாம்பலாகவும் மாறும். சேற்றில் புதைந்து கிடந்த துணி என்ற பாவனை. 'மியூட்டட்' மாடர்னுக்கும் ஏன்ஷியன்டுக்கும் இடைப்பட்டது. 'ஹன்டிங்', 'டிரெஸ்' ஆகியவற்றை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. அவற்றில் சாயல் மட்டும் மாறுவதில்லை, நிறமே மாறுகிறது.

ஆண்கள் இடுப்பில் கொசுவம் வைத்து அணியும் கில்டுக்குத் துணி எடுக்கும்போது சாயலுக்கு நிகராக எடையும் முக்கியம். கெஜத்துக்கு 10, 11 அவுன்ஸ் துணி இலேசானது. கொசுவம் நிற்காமல் கலையும். 13 அவுன்ஸ் நடுத்தரம். 16 அவுன்ஸ் துணியில் கொசுவம் கத்திமுனைபோல் நிற்கும், நடக்கும்போது வீசி ஆடும். படைகளுக்கு இதைவிடவும் கனமானது போனது. ஒரே இழைக்கணக்கை மெல்லிய நூலில் நெய்தால் கட்டம் சுருங்கும் என்பதும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கொசுவமும் வழக்கமாக ஒரு முழுக் கட்டத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். கட்டம் சிறிதானால் கொசுவத்தின் ஆழம் குறையும்.

கொசுவம் பிடிப்பதில் இரு முறைகள். பின்பக்கத்திலும் முழுக் கட்டம் தொடர்ந்து தெரியுமாறு மடிப்பது ஒன்று. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு நிற்குமாறு மடிப்பது மற்றொன்று, இது படைவழக்கம். கார்டன் படைப்பிரிவு இவ்வாறு மஞ்சள் கோட்டை முன்னிறுத்தியது. கோட்டுமுறையில் மாடர்ன் சாயலின் கருநீலமும் பச்சையும் தூரத்தில் ஒரே இருட்டாகிவிடும். அந்த ஒற்றை மஞ்சளோ வெள்ளையோதான் கண்ணில் படும். ஏன்ஷியன்டில் கட்டம் தூரத்திலும் பிரிந்து தெரியும். கருப்பு மேலங்கியோடு மாலை விருந்துக்கு மாடர்னும், ட்வீட் மேலங்கியோடு பகலில் வெதர்டும் பொருந்தும் என்பது தையல்காரர்கள் பொதுவாகச் சொல்வது.

முழு கில்டுக்கு எட்டு கெஜம் என்பது வழக்கு. இரட்டை அகலத் துணியானால் நான்கு கெஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைப்பார்கள். இணைத்த தையல் ஒரு கொசுவத்துக்குள் மறைந்துவிடும். துண்டுகளைத் தனித்தனியாக வாங்கி இணைத்து, அவை ஒரே சாயத்தொட்டி நூலில் நெய்தவையாக இல்லாவிட்டால் வேறுபாடு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். கில்டின் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. தறியிலேயே முடிந்து வரும் கரைதான் விளிம்பு; ஆகையால் இருபக்கக் கரையும் பிசிறின்றி நெருக்கமாக நெய்யப்பட்டிருக்க வேண்டும்.