உரித்த கைக்கு என்ன கிடைத்தது?

பாம்பு வளர்க்கிறவர்கள் அதன் தோலைப் பாடம்பண்ணி வைத்துக்கொள்ளலாமா, பெல்ட், பை என்று செய்து பயன்படுத்தலாமா என்று மேல்நாடுகளில் ஒரு வாதம் நடக்கிறது. அங்கே கடையில் காசு கொடுத்துப் பாம்பு வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். செத்தால் புதைப்பதா, தோலை உரிப்பதா என்று யோசிக்கிறார்கள். நம்ம நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இந்த மண்ணுப் பாம்பை அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. ஆகவே இங்கே பாம்புக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. பாம்பைப் பிடித்தவர் இருந்தார், தோலை வாங்கி விற்றவர் இருந்தார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டவர் இருந்தார். இந்த மூணு பேருக்கும் என்னென்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

தோல் என்றதும் நம்ம சனங்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு வேலை, இன்னொண்ணு வசவு. செத்த மாட்டை இழுத்துப்போடச் சொன்னதும் இந்த ஊர்தான், இழுத்துப்போட்டவனைத் தொடாதே என்று சொன்னதும் இந்த ஊர்தான். செருப்புத் தைத்துக் கொடுத்த அருந்ததிய மக்கள் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக்கூடாது. உரிக்கிறவரையில் தோல் தீட்டு. பதனிட்டுக் கடைக்குப் போய்விட்டால் அந்தஸ்து. கச்சேரி மேடையில் கஞ்சிரா வாசிக்கிறார்களே, அதுக்குக் கட்டின தோல் பரம்பரையாக உடும்புத் தோல். உடும்பைக் கொல்வது சட்டப்படி பெருங்குற்றமாகிப் பல வருஷம் ஆச்சு. உடும்பைப் பிடித்தவர் கோர்ட்டுக்கு அலைந்தார். வாசித்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாம்புத்தோல் கதையும் இதே வழியில்தான் போயிருக்கிறது.

அந்தக் கதையின் நடு இடம் செங்கல்பட்டுச் சீமை. இருளர்கள் அங்கே ஏரிக்கரைகளிலும் வயல்களை ஒட்டியும் குடிசை போட்டு வாழ்கிறார்கள். நாம் தலித்துகள், அவர்கள் பழங்குடிகள். பட்டியல் வேறே என்றாலும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது ரெண்டு பேருமே. ஒரு கடப்பாரையும் குச்சியும் இருந்தால் போதும், பொந்துக்குள் இருப்பது என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். மண்ணில் பதிந்த தடம், காய்ந்து கிடக்கும் எச்சம், முள்ளில் மாட்டிக்கிடக்கும் சட்டை, இவையெல்லாம் அவர்களுக்கு எழுத்து மாதிரி. நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். அந்த எழுத்தை வாசிக்க எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை.

போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த அறிவை விலைக்கு வாங்க வந்தவர்கள் தோல் வியாபாரிகள். சாரை, நல்லபாம்பு, விரியன், மலைப்பாம்பு எல்லாத்துக்கும் கிராக்கி. பாம்பைக் கொன்று, தோலைக் கிழியாமல் உரித்து, உப்புத் தடவியோ காயவைத்தோ கொடுக்கவேண்டும். அது சென்னைக்குப் போய், பதனிடப்பட்டு, கப்பலேறி, மேல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பையாகவும் காலணியாகவும் மாறியது. கொத்து வாங்கிச் சாகிற ஆபத்து முழுக்கப் பிடித்தவருக்கு. அவர் கண்ணில் பட்ட பணம் தரகர் கொடுத்தது மட்டும். பை என்ன விலைக்குப் போகிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. எலியைத் தின்று நெல்லைக் காக்கிற சாரை லட்சக்கணக்கில் செத்தது. அதனால் நஷ்டப்பட்டவர்களில் விவசாயக் கூலிகளான நம்ம சனமும் உண்டு.

1972-இல் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு முற்றாகத் தடை வந்தது. தடை நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சட்டம் யார் யாரிடம் எப்படிப் பேசியது என்று பார்க்கவேண்டும். 39-ஆம் பிரிவு, சட்டத்தை மீறி வேட்டையாடின விலங்கும் அதன் தோலும் அரசாங்கச் சொத்து என்கிறது. அடுத்த 40-ஆம் பிரிவோ, முதல் அட்டவணை விலங்குகளின் தோலையும் அதில் செய்த பொருளையும் ஏற்கனவே வைத்திருக்கிறவர்கள் 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. 42-ஆம் பிரிவின்படி அவர்களுக்கு உரிமைச் சான்றிதழும் உண்டு. மலைப்பாம்பு அந்த அட்டவணையில் இருந்தது. அப்போ என்ன அர்த்தம்? பங்களாச் சுவரில் மலைப்பாம்புத் தோலை ஆணியடித்து மாட்டியிருந்த துரைமாருக்கும் ஜமீன்களுக்கும், அதை வைத்துக்கொள்ளச் சட்டமே வழி செய்து கொடுத்தது. 2003-இல் இன்னொரு தடவையும் கால அவகாசம் கொடுத்தார்கள், இந்தத் தடவை 180 நாள். தோலைப் பாடம்பண்ணி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு இந்த நாட்டின் பதில் இதுதான்: ஏற்கனவே வைத்திருந்த பெரியமனுஷர் வைத்துக்கொள்ளலாம். உரித்துக் கொடுத்தவருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, மாற்று வேலையும் இல்லை. நேற்றுவரை தொழிலாளி, இன்னைக்குத் திருடன்.

மாற்று வழியை அரசாங்கம் யோசிப்பதற்குள் பசி முந்திக்கொண்டது. ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு ஆராய்ச்சியாளரும் இருளர்களும் சேர்ந்து 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலையும் உயிரோடு பிடித்து மண்பானையில் வைப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுப்பார்கள். மூணு நாலு வாரம் ஆனதும் வயிற்றுச் செதிலில் ஒரு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி கையில் மாட்டினால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடுவார்கள். பல தடவை சட்டை உரித்தபிறகு அந்த அடையாளம் மறைந்துபோகும்.

இந்த இடத்தில் நம்ம மொழியைக் கவனிக்கணும். பாம்பு தானாகக் கழற்றிப்போடுவதை நாம் தோல் என்று சொல்வதில்லை, சட்டை என்கிறோம். உரிக்கிற காலம் வந்தால் கண் பால் படிந்தமாதிரி மங்கும், பாம்பு பதுங்கிக்கொள்ளும். பிறகு வாயோரத்தைக் கல்லிலும் முள்ளிலும் தேய்த்து, உள்பக்கம் வெளியே வரும்படி மொத்தமாகக் கழற்றிவிட்டுப் போகும். கண்ணை மூடியிருந்த கண்ணாடிச் செதில்கூட அதில் அப்படியே இருக்கும். அதில் பை தைக்கமுடியாது, அத்தனை மெலிசு. ஆனால் பாம்பைக் கொல்லாமல் மனுஷனுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். சட்டையைக் கொடுத்துவிட்டு உயிரோடு போகிற பாம்புக்கும், விஷத்தைக் கொடுத்துவிட்டு உயிரோடு போகிற பாம்புக்கும் அதிக வித்தியாசமில்லை. கொன்றால் ஒரு தடவைதான் காசு, விட்டால் காடும் பிழைக்கும் தொழிலும் பிழைக்கும் என்று இருளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

இராமநாதபுரத்துக்காரனான நான் ஏன் செங்கல்பட்டுக் கதையைச் சொல்கிறேன் என்று கேட்கலாம். எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களும் பனையேறுகிறவர்களும் விறகு பொறுக்குகிற பெண்களும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். சுருட்டை விரியன் கால்மாட்டில் கிடக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியில் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். பிழைத்து வருகிறவர்களின் உடம்பில் ஏறுகிற விஷமுறிவு மருந்துக்கு இந்த நாட்டில் விஷம் கொடுப்பதில் பெரும்பங்கு அந்த இருளர் சங்கத்துடையது. எங்க ஊர்ச் சனம் உசிரோடு எழுந்து உட்கார, முகம் தெரியாத ஒரு இருளர் பானைக்குள் கை விட்டிருக்கிறார்.

கடற்கரைப் பக்கம் திரும்பினாலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2001-இல் கடலட்டையைப் புலிக்குச் சமமாக முதல் அட்டவணையில் வைத்தார்கள். இங்கே யாரும் அட்டை தின்பதில்லை. அவித்துக் காயவைத்தால் சீனாவரைக்கும் கப்பலேறும். மூச்சடக்கி முங்கி எடுத்தவர்கள் ஏழைகள். மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் ஜெயிலுக்குப் போனவர்களும் அவர்களே. எதிர்க்கரை இலங்கையில் லைசென்ஸ் வாங்கினால் அதே அட்டையைப் பிடிக்கலாம். பாசி எடுக்கப்போன பெண்களையும் தீவுப் பக்கம் வராதே என்று விரட்டினார்கள். எந்த அட்டை எத்தனை மிச்சம் இருக்கிறது என்று முங்குகிறவரைக் கேட்டுச் சட்டம் போட்டிருந்தால் அட்டையும் பிழைத்திருக்கும், ஆளும் பிழைத்திருப்பார்.

2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து அழைப்பு வந்தது. அந்நியப் பாம்பான பர்மா மலைப்பாம்பு அங்கே பெருகிக் காட்டையே காலி செய்துகொண்டிருந்தது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் போனார்கள். முதல் ரெண்டு வாரத்துக்குள்ளேயே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அந்த ஊரில் அந்தப் பாம்பைக் கொல்வதும் தோலை விற்பதும் குற்றமில்லை. பாம்புத்தோல் பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது, அந்த மண்ணுக்கு அந்தப் பாம்பு யார் என்பதைப் பொறுத்தது என்று இதிலிருந்து புரிகிறது. 2023-இல் அந்த ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை இன்றைக்கும் வனத்துறைதான் சொல்லவேண்டும். மருந்து செய்து பெட்டியில் போட்டு விற்பவர்கள் வேறே ஆட்கள். தோல் காலத்தில் கச்சாப்பொருள் கொடுத்த கை, விஷக் காலத்திலும் கச்சாப்பொருள்தான் கொடுக்கிறது.

ஆகவே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நம்ம மண்ணுப் பாம்பைத் தோலுக்காகக் கொல்லக்கூடாது. சுவரில் தொங்குகிற பழைய தோலை யாரும் குடும்பப் பெருமை என்று காட்டவேண்டாம். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, உரித்தவர் இருளர் என்று பக்கத்தில் எழுதிவைக்கட்டும். விஷமுறிவு மருந்து செய்கிற தொழிலில் இருளர்களுக்குப் பங்கு வேண்டும், கூலி மட்டும் போதாது. காட்டுக்கும் கடலுக்கும் சட்டம் எழுதுகிற மேசையில் கடப்பாரை பிடித்தவருக்கும் கடலில் முங்கினவருக்கும் நாற்காலி போடவேண்டும். இதைக் கேட்கிற கடமை பழங்குடிகளுக்கு மட்டுமில்லை. அவர்கள் எடுத்த விஷத்தால் உயிர் பிழைத்த நமக்கும் உண்டு.