கல் நகையின் மதிப்பு: கடைக்காரர் சொன்னால் போதுமா?

கெம்பு பதித்த அட்டிகை, வெள்ளைக்கல் தோடு, வளைகுடாவிலிருந்து வந்த மோதிரம் என்று நம் புதுப்பட்டினத்து வீடுகளில் கல் நகைகளுக்குக் குறைவில்லை. விற்கும்போதும், மாற்றும்போதும், வாரிசுப் பங்கு பிரிக்கும்போதும்தான் அவற்றின் மதிப்பு என்ன என்ற கேள்வி வருகிறது. ஒரு கடையில் "நல்ல கல், 2 லட்சம் போகும்" என்பார்கள். அடுத்த கடையில் "கல்லுக்குக் காசு கிடையாது" என்பார்கள். முதல் கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரு சகோதரியின் பங்காக அந்த நகையைக் கொடுத்துவிட்டு, விற்கும்போது தங்கத்துக்கு மட்டுமே பணம் கிடைத்தால், அவருடைய உரிமையில் குறை விழுந்துவிடுகிறது. எனவே இதைச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

ஹால்மார்க் கல்லுக்கு அல்ல

நகையில் உள்ள பி.ஐ.எஸ். முத்திரை தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்கிறது. 916 என்றால் 22 காரட் தங்கம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண்ணுடன்தான் விற்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். ஆனால் அதில் பதித்திருக்கும் கல் கெம்பா, கண்ணாடியா என்பதற்கு இந்த முத்திரை எந்த உத்தரவாதமும் தராது. "ஹால்மார்க் இருக்கிறதே, கல்லும் அசல்தான்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

எடையில் நடக்கும் இழப்பு

மூன்று பவுன் அட்டிகை, அதாவது 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் கல் 5 கிராம் என்றால் தங்கம் 19 கிராம்தான். கல்லின் எடையைக் கழிக்காமல் பில் போட்டால் 5 கிராம் கல்லுக்குத் தங்க விலை கொடுத்துவிடுகிறோம். திருப்பி விற்கும்போது இதற்கு நேர்மாறாக, கல்லுக்கென்று 7 கிராம் கழிக்கப்படலாம். எனவே மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். தங்கத்துக்கு ஜகாத் கணக்குப் பார்க்கும்போதும் இந்த நிகர எடை உதவும்.

நகைக்கடன் விஷயத்திலும் இதே கதைதான். ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட விதிகளின்படி, அடகு நகையின் மதிப்பில் கற்களின் விலையைச் சேர்க்கக் கூடாது. நகையைக் கடன் வாங்குபவர் முன்னிலையில் மதிப்பிட்டு, கல்லுக்காகக் கழித்த எடையை அவருக்கு விளக்கி, சான்றிலும் குறிப்பிட வேண்டும்.

சான்றிதழ் யார் கொடுத்தது?

ஜெய்ப்பூர் ஜோஹ்ரி பஜாரில் ஒரு கடையில் இரண்டு ஆண்டுகளாக, சுமார் 6 கோடி ரூபாய்க்கு நகை வாங்கிய அமெரிக்கப் பெண் ஒருவரின் புகார் 2024 ஜூனில் நாடெங்கும் செய்தியானது. அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் வைத்தபோதுதான் அவை போலி என்று அவருக்குத் தெரியவந்தது. தங்க முலாம் பூசிய வெள்ளி நகையைச் சான்றிதழும் கொடுத்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. போலிச் சான்றிதழ் கொடுத்ததாக ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. விற்பவர் தரும் காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் அறிக்கை என்றால், அதிலுள்ள எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நாமே சரிபார்க்கலாம். கல் எது, இயற்கையா செயற்கையா, எடை எவ்வளவு, மெருகூட்டல் செய்யப்பட்டதா என்பவற்றை அறிக்கை சொல்லும். சந்தை விலையை அது சொல்லாது.

கடையில் கல்லின் மேல் கருவியை வைத்து "பீப்" சத்தம் கேட்கச் செய்வதும் முடிவான சோதனை அல்ல. வெப்பத்தை அளக்கும் சாதாரணக் கருவிக்கு மொய்சனைட் கல்லும் வைரம் போலவே காட்டும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் சுரங்க வைரத்தையும் அதனால் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. கெம்பில் ஈயக் கண்ணாடி நிரப்பி விற்பதும் உண்டு. அத்தகைய கல் பட்டறைச் சூட்டிலும் எலுமிச்சைச் சாற்றிலும் கூடக் கெட்டுவிடும்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை

- முதலில் மதிப்பிட்டவர் சொன்ன தொகையை இரண்டாமவரிடம் சொல்லாதீர்கள். நகையை வாங்கவோ விற்கவோ ஆர்வமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள்.
- பாலிஷ் போட, பழுது பார்க்கக் கொடுக்கும்போது படம் எடுத்து, கற்களின் எண்ணிக்கையையும் எடையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.
- கல்லைக் கழற்றிப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கண் முன்னாலேயே நடக்கட்டும்.
- விலை அதிகமான கல்லுக்கு, கட்டணம் செலுத்தி ஆய்வக அறிக்கை வாங்கிவிடுங்கள்.
- பில்லில் "கல்" என்று மட்டும் எழுதாமல், கல்லின் பெயர், காரட் எடை, இயற்கையா செயற்கையா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 5 காரட் சேர்ந்தது 1 கிராம்.

ஏமாற்றப்பட்டது உறுதியானால், முதலில் கடைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்து செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னையில் வாங்கிய நகையாக இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பில் இல்லாவிட்டால் எதை நிரூபிப்பதும் சிரமம். ஆகவே பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

எல்லா வியாபாரிகளையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. பொருளின் குறையைச் சொல்லி விற்பதே நம் மார்க்கம் கற்றுத்தரும் வணிக ஒழுங்கு. அப்படி நேர்மையாக விற்பவர் இந்த விவரங்களை எழுதித் தரத் தயங்க மாட்டார். எழுதித் தர மறுக்கும் இடத்தில் நாமும் வாங்கத் தயங்கினால், பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.