முத்துப்பாரும் தூண்டிலும்

தூத்துக்குடிக் கடலைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முத்தைப் பற்றியே எழுதினர். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடற் பிரயாண நூலை இயற்றிய, பெயர் தெரியாத கிரேக்க வணிகன், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிப்பித்ததைக் குறித்து வைத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, குளிப்பில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு உண்டு என்று கணக்குச் சொன்னான். அவனுக்குப் பின் வந்த போர்ச்சுகீசியரும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், இறுதியில் ஆங்கிலேயரும் தத்தம் ஏடுகளில் சிப்பிகளை எண்ணிக்கொண்டே இருந்தனர். அதே கடலில், அந்த முத்தைக் குளித்த கடலோரக் குடிகளான அதே பரதவர் தலைமுறை தலைமுறையாகப் பெருமீன்களைத் தூண்டிலிட்டுப் பிடித்துவந்த வித்தைக்கோ இப்படிப்பட்ட கணக்கேடு வாய்க்கவில்லை. சிப்பிக்குவியலைப் போலக் கரையில் கொட்டி, ஏலம் விட்டு, அரசாங்கம் பங்கு பிரித்துக்கொள்ளத்தக்க பொருளாக அது இருக்கவில்லை என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கரையிலிருந்து சில மைல் தொலைவில், மணற்பாங்கான கடலடியில் ஆங்காங்கே தலைதூக்கி நிற்கும் பாறைத் திட்டுகளையே இக்கடலோர மக்கள் ‘பார்’ என்பர். தோலாயிரம் பார் முதலியவை சிப்பி விளைவினால் பிரசித்தி பெற்றவை. ஆயினும் சிப்பி ஒட்டும் இடத்தில் நண்டும் நத்தையும் சேரும், அவற்றைத் தின்னச் சிறுமீன் சேரும், சிறுமீனைத் தின்னப் பெருமீன் வரும் என்பதனால், குளிகாரனுக்கு நிதியாக இருந்த பார் தூண்டில்காரனுக்கும் நிதியாகவே இருந்தது. பாறைப்பொந்தில் உடலை மறைத்து வாயை மட்டும் வெளியே காட்டிக் காத்திருக்கும் கலவா, சிப்பியையும் நண்டையும் நொறுக்கித் தின்னும் விளமீன், கூட்டமாக வந்து சுழலும் பாறைமீன், நடுநீரில் அம்புபோற் பாயும் சீலா ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரை வேறு, கயிற்றின் ஆழம் வேறு, இழுக்கும் கையின் பக்குவமும் வேறு. சீலாவின் பற்கள் கயிற்றை அறுத்துவிடுமாதலால் தூண்டில் முள்ளை அடுத்துக் கம்பி கட்டவேண்டும். கலவாவோ முள் தைத்த கணமே பொந்துக்குத் திரும்பி, செவுளையும் செட்டைகளையும் விரித்துக்கொண்டு பாறையோடு பாறையாக இறுகிவிடும். ஆதலால் அது இரையைத் தொட்ட முதல் நொடியிலேயே ஒரு பாகமேனும், அதாவது இரு கை விரித்த நீளமேனும், மேலே தூக்கிவிடாதவன், பின்பு எவ்வளவு பலசாலியாயினும் கயிற்றை அறுத்துக்கொண்டு திரும்பவேண்டியதுதான்.

இவ்வித்தையின் பாதி இரையில் அடங்கியிருக்கிறது. சாளையும் காரலும் எளிதிற் கிடைப்பவை. ஆனால் பாரடி மீன்களுக்குக் கணவாய்க்கு ஈடான இரை வேறில்லை. அதன் சதை வெண்மையாய் நெடுந்தூரம் தோன்றும். உறுதியாய் இருப்பதால் சிறுமீன்கள் கொத்தினாலும் முள்ளைவிட்டு எளிதில் கழன்று போகாது. ஆனால் கணவாயைப் பிடிப்பதற்கே ஒரு தனி உபாயம் வேண்டியிருந்தது என்பதுதான் இதில் சுவையான செய்தி. பாக் நீரிணைப் பகுதியில், தரிசு நிலத்தில் தானே முளைக்கும் கொழிஞ்சிச் செடியைக் கட்டுக் கட்டாகக் கயிற்றில் பிணைத்துக் கடலில் தொங்கவிடுவர். முட்டையிட இடம் தேடிவரும் கணவாய் அப்பசுந்தழையை நாடி வந்து அகப்படும். பேய்க்கணவாய்க்கு ஐவிரற்சங்கு. வெற்றுச் சங்குகளை நூற்றுக்கணக்கில் நெடுங்கயிற்றில் கோத்துக் கடலடியில் கிடத்திவிட்டால், ஒளிவிடம் தேடும் அப்பிராணி தானாகவே உள்ளே புகுந்து குடியிருக்கும். கயிற்றை இழுத்தால் வீட்டோடு மேலே வரும். சென்னை மாகாண மீன்துறையில் நெடுங்காலம் பணியாற்றி, முத்தையும் சங்கையும் பற்றி நுணுகி எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேய உத்தியோகஸ்தர் இத்தகைய உபாயங்களையும் கவனித்து எழுதி வைத்தார்.

இரை கைக்கு வந்தபின் பாரைக் கண்டுபிடிக்கவேண்டும். ஏழெட்டுப் பாகம் நீருக்கடியில் கிடக்கும் திட்டைக் கருவி ஏதுமின்றிக் குறிவைப்பது கணியத்தால் ஆவது. கரையில் தெரியும் கோபுரம் ஒன்றை அதன் பின்னுள்ள பனைக்கூட்டத்தோடு நேர்கோட்டில் நிறுத்தி, வேறொரு திசையில் தேரிமேட்டையோ மணப்பாட்டுக் குன்றின்மேல் நிற்கும் கோவிலையோ அவ்வாறே நிறுத்தினால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். வள்ளத்தைப் பாருக்கு நேர்மேலே நிறுத்துவது பேதைமை. நீவாடு என்னும் நீரோட்டம் எத்திசையில் ஓடுகிறதென்று பார்த்து, அதற்கு மேற்புறத்தில் நங்கூரமிட்டால்தான், இறக்கிய இரை நீரோட்டத்தில் இழுபட்டுப் பொந்தின் வாயிலில் போய் நிற்கும். கச்சான் காற்று முற்றி நீர் கலங்கும் மாதங்களில் இக்கணக்கெல்லாம் தவறிப்போகும்.

சுறாவின் விஷயத்தில்தான் முத்தும் தூண்டிலும் நேருக்கு நேர் முரண்பட்டு நிற்கின்றன. குளிகாரனுக்குச் சுறா எமன். ஆதலால் குளிப்புக் காலத்தில் அதன் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்பவர் இருந்தார். பெருமீன்களை வசியம் செய்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதையும், அவர்கள் பகலில் கட்டிய கட்டை இரவில் அவிழ்த்துவிடுவதையும் மார்க்கோ போலோவே கூறுகிறான். அறிவுக்கு ஒவ்வாததென்று இதை நகைத்த ஆங்கில அரசாங்கமுங்கூட, மந்திரவாதி இல்லாவிட்டால் குளிகாரர் நீரில் இறங்கமாட்டார் என்பதை உணர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அவருக்கு ஊதியம் அளித்தது. கத்தோலிக்கரான பரதவர் அக்கட்டை நம்பி மூழ்கினர். அதே பரதவர் மற்ற நாட்களில் அதே சுறாவின் வாயைத் திறப்பதற்காக இரத்தம் வடியும் இரையைத் தேடித் திரிந்ததை எண்ணும்போது, இதில் முரண்பாடு காண்பவர் கரையில் இருப்பவர் மட்டுமே என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த மற்ற நாட்கள் எத்தனை என்பதை முத்தின் ஏடுகளே காட்டிக்கொடுக்கின்றன. சிப்பி எல்லா ஆண்டும் விளைவதில்லை. 1830-ஆம் ஆண்டுக் குளிப்புக்குப் பிறகு ஒரு தலைமுறைக்காலம் தூத்துக்குடியில் குளிப்பே நடக்கவில்லை. சிப்பியை அழித்தவை திருக்கையும் கிளாத்தியும் என்று ஒரு கட்சி. நீரோட்டமும் மணலும் என்று மற்றொரு கட்சி. எதுவாயினும், அவ்வெறுமையான ஆண்டுகளில் கடற்கரை பட்டினி கிடந்து மடிந்துவிடவில்லை. வலையும் சங்கும் தூண்டிலுமே உலை ஏற்றின. முத்து, பல்லாண்டுக்கொருமுறை சில வாரங்கள் வந்துபோகும் திருவிழா. அதைக்கொண்டு இம்மக்களின் வாழ்க்கை முழுவதையும் அளந்தவர்கள் பிழை செய்தனர் என்றே கருதவேண்டும்.

1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. ஏறக்குறைய அக்காலத்திலேயே பருத்திக் கயிற்றின் இடத்தை நைலான் நரம்பும், பாயின் இடத்தை எந்திரமும் பற்றத் தொடங்கின. பின்னர் இழுவலை விசைப்படகுகள் கடலடியை வாரிக்கொண்டு சென்றன. ஆனால் இழுவலை பாறையில் சிக்கினால் கிழிந்துவிடும். அதனால் விசைப்படகுக்காரர்கள் பார்களை ஒதுக்கி மணற்பரப்பையே நாடினர். கலவாவும் விளமீனும் பதுங்கும் அத்திட்டுகளின்மேல் தூண்டில் வள்ளங்கள் கணவாய் இரையோடு தொடர்ந்து நங்கூரமிட்டன.