சந்தை, வெதுப்பகம், அம்மாச்சி: வடக்கில் ஊர்ச் சாப்பாட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாச்சி உணவகத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அடுப்புகள்தான். சமையலை மறைக்கும் சுவர் இல்லை. ஒரு பெண் தோசை வார்க்கிறார், பக்கத்தில் இன்னொருவர் கீரைப் பிட்டு அவிக்கிறார், அதற்கும் அப்பால் ஒருவர் குரக்கன் ரொட்டி தட்டுகிறார். வேண்டியதை வாங்கி, தட்டை நாமே தூக்கிக்கொண்டுபோய் இருந்து சாப்பிட வேண்டும். பரிமாற ஆள் கிடையாது.

தெற்கில் விவசாயத் திணைக்களம் ‘ஹெல போஜுன்’ என்ற பெயரில் நடத்திவரும் உணவகங்களின் வடக்கு வடிவம் இது. வட மாகாண சபை இயங்கிய காலத்தில் ‘அம்மாச்சி’ என்ற பெயருடன் இங்கே தொடங்கப்பட்டது. அம்மாவின் அம்மாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் இவை உண்டு. கட்டடம் அரசினுடையது, உழைப்பு பெண்களுடையது, விற்ற காசும் அவர்களுக்கே. கோதுமை மாவை விட்டு அரிசி, குரக்கன், உழுந்து, பயறு, ஒடியல் என்று உள்ளூரில் விளைவதைக் கொண்டு சமைப்பதுதான் இவற்றின் அடிப்படை. விலையும் வெளிக் கடைகளை விடக் குறைவு.

2009க்குப் பிறகு குடும்பத்தைத் தனியாகச் சுமந்த பெண்களுக்கு ‘வாழ்வாதாரம்’ என்ற பெயரில் கோழிக்குஞ்சும் ஆடும் தையல் மெசினும் கொடுத்த திட்டங்களை எண்ணி முடியாது. பொருளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தைத்ததை யார் வாங்குவது, முட்டையை எங்கே விற்பது என்று யோசித்தவர்கள் குறைவு. அம்மாச்சி அந்த இடத்தில் வேறுபடுகிறது. அது முதலில் கொடுத்தது வாடிக்கையாளரை. சமைக்கத் தெரிந்த ஒருவருக்கு, ஒவ்வொரு நாளும் பசியோடு வரும் ஆட்கள் கிடைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்களில் பலர் நிவாரண அட்டையில் வளர்ந்தவர்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று மாதக் கணக்கில் ஒரே சாப்பாடு. பிறகு முகாமில் வரிசையில் நின்று வாங்கிய பார்சல். எதைச் சாப்பிடுவது என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. இப்போது ஒரு கடையின் முன் நின்று, ‘பிட்டா, இடியப்பமா, இலைக்கஞ்சியா?’ என்று ஐந்து நிமிடம் யோசிக்கும்போது அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அடுப்புக்கு முந்திய இடம் சந்தை. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களிலிருந்து மரக்கறி வருகிறது. சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் தென்மராட்சியின் பலாவும் மாங்காயும் தேங்காயும். நீர்வேலி என்றால் வாழைக்குலை. காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் கீரை வாடிவிடும். பருவத்தையும் பார்க்க வேண்டும். கறுத்தக் கொழும்பான் மாம்பழத்துக்கு மே மாதத்திலிருந்து சில மாதங்கள்தான். அது முடிந்து வரும் மாதங்களில் பனம்பழம், தையை ஒட்டிப் பனங்கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கீறிக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பனங்கட்டியைக் குட்டானில் வாங்கினால், அதில் சீனி கலக்கவில்லையா என்று கேட்டே வாங்குங்கள். கேட்கிற ஆளுக்கு விற்கிறவர் கொஞ்சம் கவனமாகவே எடுத்துக் கொடுப்பார்.

சந்தையில் பலர் கவனிக்காத ஒன்று ‘கழிவு’. தோட்டக்காரர் கொண்டுவரும் மரக்கறியை நிறுக்கும்போது பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் காசு கொடுக்கும் பழக்கம் யாழ்ப்பாணச் சந்தைகளில் நீண்ட காலமாக இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கழித்த அந்த ஒரு கிலோவும் பிறகு எங்கள் பைக்குள் விலைக்குத்தான் வருகிறது. வீதியோரத்தில் தன் தோட்டத்துக் கத்தரிக்காயைச் சாக்கில் பரப்பி வைத்திருப்பவரிடம் வாங்குவதற்கு இதை விடப் பெரிய காரணம் தேவையில்லை.

நிலம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் வெளியேறியபோது நல்ல செம்மண் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. பகுதி பகுதியாக விடுவித்திருக்கிறார்கள், முழுவதும் இன்னும் வரவில்லை. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் போட்டு வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு, தாத்தாவின் தோட்டம் எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டத்தான் முடிகிறது.

வெதுப்பகத்தின் கதை வேறு. கோதுமை எங்கள் மண்ணில் விளைவதில்லை. கப்பலில் வரும் கோதுமையை அரைக்கும் திருகோணமலை பிறீமா ஆலை 1980இலிருந்து இயங்குகிறது. ஆகவே பாணை ஊர்ச் சாப்பாடு என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ‘பாண்’ என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ஆனாலும் விறகுப் போறணையில் வெந்த றோஸ் பாணை இடிசம்பலுடன் சாப்பிட்டவர்களோடு நான் வாதாட மாட்டேன். மின்சாரப் போறணைகள் வந்த பிறகு விறகுப் போறணைகள் குறைந்துவருகின்றன. உங்கள் ஊரில் ஒன்று மிஞ்சியிருந்தால், பாண் இறக்கும் நேரத்தை விசாரித்து அந்த நேரத்துக்கே போங்கள். நிறையையும் பாருங்கள்: முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் இருக்க வேண்டும் என்று நுகர்வோர் அதிகார சபை 2024இல் வர்த்தமானியில் அறிவித்தது. 2022 நெருக்கடியில் ஒரு இறாத்தல் பாண் 200 ரூபாவைத் தாண்டியபோது பல வீடுகளில் காலைச் சாப்பாடு பிட்டுக்கும் ரொட்டிக்கும் திரும்பியது. அப்போது ஒடியல் மாவின் நினைவும் சிலருக்கு வந்திருக்கும்.

ஒடியல் மா என்றால் கூழ். மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பை வடித்து, மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய், அரைத்த செத்தல் மிளகாய், புளி சேர்த்துக் காய்ச்சுவது. பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றி, முற்றத்தில் எல்லோரும் சுற்றியிருந்து குடித்தது. இன்று சுற்றுலா விடுதிகள் சிலவற்றில் அது சிறு கிண்ணத்தில் பெரிய விலைக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்கள் அதற்கு மனம்விட்டுக் காசு கொடுக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நண்டு எந்தக் கரையிலிருந்து வந்தது, மா யார் இடித்தது என்று பரிமாறுபவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த கடைக்கு இன்னொரு முறை போகலாம்.

அம்மாச்சிக்குப் போவதானால் காலைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தியே போவது நல்லது. இலைக்கஞ்சி முதலில் முடிந்துவிடும். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோவதானால் ஒரு பாத்திரமும் எடுத்துச் செல்லுங்கள்.