தலைச்சுமையின் கணக்கு

சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை, நெரிசல் தாங்காமல் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. 295 ஏக்கர், 3,000க்கு மேல் கடைகள். இதெல்லாம் அரசாங்கப் பதிவில் இருக்கிறது. லாரியிலிருந்து கடைக்கு மூட்டை சுமந்த தலைகளின் கணக்கு எங்கே?

மரக்காணம் உப்பளத்துச் சனத்துக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. மழை புடிச்சிட்டா அளத்துல வேலை கிடையாது. வயித்துக்கு வழி? நம்ம விழுப்புரம் மாவட்டத்திலிருந்தும் கடலூர், அரியலூரிலிருந்தும் கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்கப் போனவர்கள் ஏராளம். விடியுமுன்னே சந்தைக்கு வருகிறவர் கண்ணுக்கு மலிவு தெரியும், பேரம் தெரியும். மூட்டைக்குக் கீழே இருக்கிற கழுத்து தெரியாது.

2020இல் தெரிந்தது. கொரோனா பரவி, மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். ஊர் திரும்பிய கூலியாட்களைச் சோதித்தார்கள். இந்த மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை மளமளவென ஏறியது. 'கோயம்பேடு தொற்று' என்று பேரே விழுந்துபோச்சு. ஊரடங்கில் நகரத்து அடுப்பு எரியக் காய் இறக்கினவங்க இவங்கதான். அப்போ 'அத்தியாவசியம்', ஊருக்கு வந்ததும் 'நோய் கொண்டாந்தவன்'. தொட்ட காய் வேணும், தொட்ட ஆள் வேணாம். நமக்கு இது புதுசா?

வியாபாரம் கொஞ்சகாலம் திருமழிசையில் நடந்தது. செப்டம்பர் 28இல் கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் மறுபடி திறந்தன. சந்தைக்கு அதன் பேர் திரும்பக் கிடைத்துவிட்டது. சுமந்தவர்களின் பேரை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். இல்லேன்னா, வரலாற்றில் அவர்கள் நோய்க் கணக்கில் மட்டும்தான் இருப்பார்கள்.